ஆடு புலி ஆட்டத்தில் ஆட்டின் பக்கம்

ஆடு புலி ஆட்டத்தில் காய் பிரிக்கும்போது எல்லோரும் கேட்பது புலியைத்தான். குழந்தைகள் மட்டுமல்ல, தலை நரைத்தவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். புலிக்கு மூன்றே காய், தாண்டலாம், வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. பதினைந்து காயையும் வைத்துக்கொண்டு பயந்து பயந்து நகர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில், புலியை மட்டுமே ஆடியவர்களுக்கு இந்த ஆட்டத்தில் பாதி தெரியாது. அதுவும் சுவையான பாதி.

எனக்கு ஆட்டின் பக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் என் மாமியார். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருச்சிக்கு வந்து எங்களோடு தங்கியவர், மத்தியான நேரத்தில் தூங்கும் பழக்கம் இல்லாதவர். தொலைக்காட்சித் தொடர்களில் அவருக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் பழைய தினசரிக் காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு, என் மகனின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கிக் கோடு போட்டார். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் சோழி. “நீ புலி எடுத்துக்கொள்” என்றார். அவர் தாராளமாகக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முதலில் பலகை. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இந்த வரைபடத்தின் வடிவத்தில்தான் இருக்கிறது. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகள். அந்த நான்கையும் குறுக்கே கடக்கும் மூன்று கிடைக்கோடுகள். இவை இருபுறமும் வெளியே சற்று நீண்டிருக்கும். நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு நேர்கோடும் வலப்பக்கம் ஒரு நேர்கோடும் இணைக்கும். கடைசியில் நான்கு கோடுகளின் கால்களையும் சேர்க்கும் அடிக்கோடு. புள்ளிகளை எண்ணினால் உச்சி 1, மூன்று வரிசைகளிலும் ஆறாறு என்று 18, அடியில் 4. மொத்தம் 23.

பேச வசதியாக அவற்றை மேல், நடு, கீழ் வரிசைகள் என்றும், ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக 1 முதல் 6 வரை என்றும் வைத்துக்கொள்வோம். 1, 6 இரண்டும் ஓரங்கள். அடிக்கோட்டின் நான்கு புள்ளிகளுக்கு 2 முதல் 5 வரை எண் கொடுக்கிறேன்; உச்சியிலிருந்து வரும் அதே நான்கு கோடுகள்தானே அங்கே முடிகின்றன.

மூன்று புலிகளும் உச்சி, மேல் 3, மேல் 4 ஆகிய இடங்களில் நிற்கத் தொடங்கும். ஆடுகள் முதலில் பலகைக்கு வெளியே. ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆடு வைப்பார், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். பதினைந்தும் வைத்து முடியும்வரை ஆடு நகரக் கூடாது. அதன் பிறகு எந்தக் காயும் கோட்டின் வழியே பக்கத்துக் காலிப் புள்ளிக்கு ஓர் அடி. பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். அத்தை வீட்டுக் கணக்கு ஆறு.

அன்றைக்கு நான் உற்சாகமாகப் புலியை ஓட்டினேன். அவர் வைத்த ஆடுகளில் ஒன்றைக்கூட என்னால் தொட முடியவில்லை. வெட்டுவதற்கு ஆடு கிடைக்கும் என்று காத்திருந்ததிலேயே ஆட்டம் முடிந்துபோனது. அவர் பெரிதாக யோசித்ததாகவும் தெரியவில்லை. இடையில் எழுந்து போய்ப் பால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

“துணை இல்லாமல் ஓர் ஆட்டையும் வைக்கக் கூடாது அம்மாடி, அவ்வளவுதான்” என்றார். துணை என்று அவர் சொன்னது என்ன என்பதை நான் பிறகு தனியாக உட்கார்ந்து, தாளில் போட்டுப் பார்த்துத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

புலி ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமானால் அந்த ஆட்டின் ஒரு பக்கம் புலி இருக்க வேண்டும், அதே கோட்டில் மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். அப்படியானால், ஒரு கோட்டில் ஆட்டின் இரு பக்கங்களில் ஏதாவது ஒன்றில் இன்னோர் ஆடு நின்றாலே போதும், அந்தக் கோட்டின் வழியே வெட்டு விழாது. இதுதான் துணை. இனி ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை துணை வேண்டும் என்று பாருங்கள். நான்கு கோடுகளும் மூன்று வரிசைகளும் சந்திக்கும் பன்னிரண்டு உள்புள்ளிகளில் ஒவ்வொன்றின் வழியாகவும் இரண்டு கோடுகள் போகின்றன. எனவே அங்கே நிற்கும் ஆட்டுக்குக் குறுக்கே ஒரு துணை, நெடுக்கே ஒரு துணை வேண்டும். நடு 1, நடு 6, அடி 3, அடி 4 ஆகிய நான்கிலும் ஒரு வழியாகத்தான் வெட்ட முடியும். ஒரு துணை போதும். மேல் 1, மேல் 6, கீழ் 1, கீழ் 6, அடி 2, அடி 5 ஆகிய ஆறும் கோடுகள் முடியும் மூலைகள். அங்கே ஆட்டுக்குத் துணையே வேண்டாம், எவராலும் வெட்ட முடியாது. உச்சியும் அப்படிப்பட்ட புள்ளிதான், ஆனால் அங்கே தொடக்கத்திலேயே புலி உட்கார்ந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு அத்தையின் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதல் ஆறு ஆடுகளும் அந்த ஆறு மூலைகளுக்குப் போயின. அடுத்து நடு 1, நடு 6: மேலும் கீழும் ஏற்கெனவே ஆடுகள் இருப்பதால் துணை தயார். அடுத்து அடி 3, அடி 4: பக்கத்தில் அடி 2, அடி 5 துணை. ஆகப் பத்து ஆடுகள், ஒரு துளி ஆபத்தில்லாமல். பிறகு கீழ் 2: குறுக்கே கீழ் 1 துணை, நெடுக்கே அடி 2 துணை. அதை ஒட்டிக் கீழ் 3, மறுபக்கம் கீழ் 5, கீழ் 4. பதினான்கு. பதினைந்தாவது நடு 2: குறுக்கே நடு 1, நெடுக்கே கீழ் 2. வெளியிலிருந்து உள்ளே, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே வரும் வேலி. புலி இந்த வேலிக்கு வெளியே மேல்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால் ஓர் ஆடுகூட வெட்டுப்படாது. அதிர்ஷ்டமோ திறமையோ வேண்டாம், வரிசை மட்டும் நினைவிருந்தால் போதும்.

இந்த வரிசையைத் தெரிந்துகொண்ட எவரும் அதோடு நின்றுவிடுவார்கள். நானும் கொஞ்ச நாள் இதுதான் ஆட்டம் என்று மகிழ்ந்திருந்தேன். ஆனால் பதினைந்தாவது ஆட்டை வைத்தவுடன் கதை மாறுகிறது.

கணக்கைப் பாருங்கள். 23 புள்ளிகள், 15 ஆடுகள், 3 புலிகள். காலி 5. அந்த ஐந்தும் புலிகள் இருக்கும் மேல்பகுதியிலேயே இருக்கின்றன. வேலிக்குப் பின்னால் ஒரு காலிப் புள்ளிகூட இல்லை. இப்போது ஆட்டின் முறை. ஏதாவது ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும், சும்மா இருக்க விதி இடம் கொடுக்காது. பின்னால் நிற்கும் ஆடுகள் நெருக்கியடித்து நிற்பதால் அவற்றுக்கு வழியில்லை. முன்வரிசை ஆடுதான் புலிகள் இருக்கும் பக்கம் நகர வேண்டும். அது நகர்ந்ததும் அது விட்டுச்சென்ற புள்ளி காலி. யாருக்கோ துணை போயிற்று. கீழ் 3 ஆடு நடு 3க்கு ஏறினால், கீழ் 3 காலி. மேல் 3இல் புலி இருந்தால் நடு 3ஐத் தாண்டி அங்கே வந்து இறங்கும். வேலிக்குள் புலி நுழைந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொன்றாகச் சரியும்.

வைக்கும்போது ஒரு புள்ளியைப் பற்றி யோசித்தால் போதும், நகர்த்தும்போது இரண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். போகும் இடத்தில் துணை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நிறைய, விட்டுப்போகும் இடத்தில் யார் துணை இழக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினேன்: ஆட்டைத் தூக்கியவுடன் வைக்கக் கூடாது, தூக்கிய இடத்தைச் சுற்றிலும் விரலால் ஒருமுறை தொட்டுக்காட்டிய பிறகுதான் வைக்க வேண்டும். கொஞ்சம் சிரிப்பார்கள். ஆனால் பலன் உண்டு.

அத்தை இந்தச் சிக்கலுக்குச் செய்த மாற்று அழகானது. வேலியை முழுதாக அடைக்க மாட்டார். கீழ் 1 மூலையை வேண்டுமென்றே காலியாக விட்டுவிடுவார். அங்கே மிச்சமாகும் ஆட்டையும், முன்பு நடு 2இல் வைத்த ஆட்டையும் வலப்பக்கம் கொண்டுபோய் நடு 5, நடு 4 என்று முன்னேற்றி வைப்பார். இடப்பக்கம் மேல் 1, நடு 1 இரண்டிலும் ஆடு இருக்கும். கீழ் வரிசையில் 2 முதல் 5 வரை ஆடு இருக்கும். அடிக்கோடு நான்கும் இருக்கும். வலது ஓரம் மூன்றும் இருக்கும். எண்ணிப் பார்த்தால் இதுவும் பதினைந்துதான். இப்போது அவருக்கு ஒரு நல்ல நகர்வு எப்போதும் கையில் இருக்கிறது: நடு 1 ஆடு கீழ் 1க்கு இறங்கும், அடுத்த முறை திரும்ப ஏறும். அது இறங்கினாலும் ஏறினாலும் வேறு எந்த ஆடும் துணை இழக்காது. இப்படி நேரத்தைக் கடத்திக்கொண்டே இருப்பார். புலிக்காரர்தான் ஏதாவது செய்தாக வேண்டும். அது இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, நடு 2இல் இருக்கும் புலி ஆசைப்பட்டு நடு 1க்குள் நுழைந்தால், மேலும் கீழும் ஆடு. வந்த வழி மட்டும்தான் திறந்திருக்கிறது. அத்தைக்கு அதைவிட மகிழ்ச்சியான செய்தி கிடையாது.

ஏனென்றால் எந்தப் புள்ளியில் நிற்கும் புலியை அடைக்க எத்தனை ஆடு தேவை என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நடு 3 அல்லது நடு 4இல் நிற்கும் ஒரு புலியைத் தனியாக அடைக்க எட்டு ஆடு வேண்டும்: சுற்றிலும் நான்கு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒன்று. மேல் 3இல் ஏழு. மேல் 2இல் ஆறு. ஓரங்களிலும் அடி மூலைகளிலும் வெறும் நான்கு. உதாரணமாக நடு 1இல் நிற்கும் புலிக்கு மேல் 1, கீழ் 1, நடு 2, நடு 3 ஆகிய நான்கில் ஆடு இருந்தால் ஆட்டம் முடிந்தது. அதாவது புலியை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுவந்தாலே வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

புதிதாக ஆடுபவர்கள் இதைக் கேட்டதும், “அப்படியானால் ஓர் ஆட்டைப் பலி கொடுத்துப் புலியை ஓரத்துக்கு இழுக்கலாமே” என்பார்கள். நானும் நிறைய முயன்று பார்த்தேன். நினைக்கிற அளவுக்குப் பலன் இல்லை. காரணம் எளிது. நடு 3இல் இருந்த புலி நடு 2ஐத் தாண்டி நடு 1இல் விழுகிறது என்று வையுங்கள். அதைப் பிடித்து வைக்க எந்த இரண்டு புள்ளிகள் வேண்டுமோ, அந்த இரண்டும்தான் இப்போது காலி: வெட்டுப்பட்ட ஆடு நின்ற நடு 2, புலி புறப்பட்ட நடு 3. நமக்குக் கிடைப்பது ஒரு நகர்வு. நடு 2ஐ அடைத்தால் அதையும் தாண்டி நடு 3க்குத் திரும்பும், இன்னோர் ஆடும் போகும். நடு 3ஐ அடைத்தால் நடு 2க்கு நடந்து வெளியே வரும். வெட்டிய புலிக்குத் திரும்பும் வழி எப்போதும் திறந்தேதான் இருக்கும். ஆகவே பலி கொடுப்பதால் புலி உடனே அடைபடாது; புலி அந்தப் பக்கம் போய் வரும் நேரத்தில் இன்னொரு பக்கம் வேலியைச் சரிசெய்துகொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு ஓர் ஆட்டின் விலை அதிகமா குறைவா என்பது அந்தந்த நேரத்துக் கணக்கு.

இதைவிட முக்கியமான ஒன்றை அத்தை எனக்குச் சொல்லவே இல்லை, செய்துதான் காட்டினார். அவர் கையில் எப்போதும் இரண்டு மூன்று புளியங்கொட்டை மிச்சம் இருக்கும்போதே ஒரு புலியை அடைத்துவிடுவார். பதினைந்தையும் வைத்துவிட்டு அடைக்கத் தொடங்குவதில்லை. இது ஏன் என்பதற்கு ஒரு நிலை. புலி ஒன்று நடு 1இல். இன்னொரு புலி மேல் 2இல். ஆடுகள் மேல் 1, நடு 2, நடு 3, கீழ் 2, கீழ் 3இல். நடு 1 புலியை அடைக்க மிச்சம் கீழ் 1 மட்டும். எல்லா ஆடும் பலகைக்கு வந்துவிட்ட பிறகு இந்த நிலை வந்தால், கீழ் 1க்கு வரக்கூடிய ஒரே ஆடு கீழ் 2இல் இருப்பது. அது நகர்ந்தால் கீழ் 2 காலி. மேல் 2 புலி நடு 2ஐத் தாண்டி அங்கே இறங்கும். அடைபட்ட புலிக்கும் வழி பிறக்கும். ஆனால் கையில் ஓர் ஆடு இருந்தால்? கீழ் 1இல் நேராக வைக்கலாம். எதுவும் காலியாகவில்லை, யாரும் துணை இழக்கவில்லை, புலி அடைபட்டது. கையிலிருந்து வரும் ஆடு எங்கேயும் ஓட்டை விடாமல் வருகிறது. அதனால் கடைசி ஆடுகளைப் பலகையை நிரப்புவதற்காக அவசரப்பட்டு வைத்துத் தீர்ப்பது வீண்.

சரி, இவ்வளவு தெரிந்த ஆட்டுக்காரருக்கு எதிரே புலிக்காரர் என்ன செய்வது?

உச்சியை விட்டுக் கீழே இறங்க வேண்டும், அதுவும் முதல் சில நகர்வுகளிலேயே. என் மகன் ஆரம்பத்தில் உச்சிப் புலியைத் தொடவே மாட்டான். அது ராஜா போல உட்கார்ந்திருக்கிறதாம். உண்மையில் மூன்று புலிகளும் தொடக்க இடத்திலேயே கூடி நின்றால் பத்து ஆடு போதும் மொத்தத்தையும் அடைக்க: மேல் 1, 2, 5, 6, நடு 2, 3, 4, 5, கீழ் 3, 4. நீங்களே வைத்துப் பாருங்கள். ஒரு புலி இன்னொரு புலியைத் தாண்ட முடியாது என்பதால் புலிகளே ஒன்றுக்கொன்று சுவராகிவிடுகின்றன. ஐந்து ஆடு போன பிறகும் ஆட்டுக்காரர் வெல்லலாம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மேல் 3 புலி மூன்றே நகர்வில் அடி 3க்கு வந்துவிடும். வேலி கட்டி முடிப்பதற்குள் அடியிலோ கீழ் வரிசையிலோ ஒரு புலி உலவினால் துணைக் கணக்கு முழுவதும் குழம்பும். அந்த இடத்தில் வைக்க வேண்டிய ஆட்டை வைக்க முடியாது. அதை நம்பியிருந்த அடுத்த ஆடும் தள்ளிப்போகும். ஆனால் மூலையில் போய் உட்கார்ந்து மூலையைப் பிடித்துவிட்டதாக நினைப்பது தவறு. அங்கே நான்கு ஆடு போதும் என்பதை மறக்கக் கூடாது. கீழே இறங்குகிற புலி அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு புலி கீழே, ஒரு புலி நடு 3, நடு 4 பக்கம், மூன்றாவது எங்கே தேவையோ அங்கே என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

அடுத்தது, இரட்டைக் குறி. ஒரே ஓர் ஆட்டைக் குறிவைத்தால் ஆட்டுக்காரர் அதன் பின்னால் ஒன்றை வைத்து அடைத்துவிடுவார். சொல்லப்போனால் அவர் வைக்க நினைத்த ஆட்டைத்தான் வைத்திருப்பார், நம் நகர்வு வீண். நடு 3இல் ஒரு புலி நிற்கும்போது நடு 2 ஆட்டுக்குப் பின்னால் காலி, கீழ் 3 ஆட்டுக்குப் பின்னால் காலி என்றால் அவர் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். ஆகவே துணையில்லாத ஓர் ஆட்டைப் பார்த்தவுடன் பாயாமல், இன்னொன்றும் சேரும் இடத்தைத் தேடிப் போவது நல்லது. வெட்டுவதற்கு முன்னால் எங்கே போய் விழுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வெட்டு ஆரம்ப ஆட்டத்தில் எளிது, புள்ளிகள் நிறையக் காலி. ஒவ்வோர் ஆடு வரும்போதும் ஓர் இடம் குறைகிறது. பத்தாவது ஆடு வருவதற்குள் ஒன்றும் வெட்டவில்லை என்றால் புலிக்காரர் கவலைப்படத் தொடங்கலாம்.

இந்த வகை ஆட்டங்கள் நம்மிடம் மட்டும் இல்லை. நேபாளத்தின் பாக்சால் நம் ஆட்டத்தின் நெருங்கிய உறவு. ஐந்துக்கு ஐந்து, 25 புள்ளிச் சதுரம், நான்கு புலிகள் நான்கு மூலைகளில் நின்று தொடங்கும், 20 ஆடுகள், ஐந்து ஆடு போனால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கணினியில் முழுக்க அலசி, இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் யாரும் வெல்ல மாட்டார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். மூலையில் தொடங்கும் புலி என்பது நம் பலகையில் பழகிய எனக்கு விசித்திரமாகத் தோன்றியது. ஆனால் அங்கே மூலையிலிருந்து குறுக்குக் கோடும் போகிறது என்பதால் நிலைமை வேறு. ஹம்பியின் பாறைத் தளங்களிலும் நம் பழைய கோயில் மண்டபங்களின் தரையிலும் இப்படிப்பட்ட பலகைகள் கல்லில் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். கோயிலுக்குப் போனால் என் கண் இப்போதெல்லாம் தரையைத்தான் தேடுகிறது. கணவர் முன்னால் போய்விடுவார், நான் ஏதாவது ஒரு தூணருகே குனிந்து கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஆட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நடைமுறையில் சில செய்திகள். பலகை வாங்கத் தேவையில்லை, ஆனால் பெரிதாக வரையுங்கள். சிறிய பலகையில் காய்கள் நெருங்கி நின்றால் எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதே தெரியாது. பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது. கோடு நேராக இருக்க வேண்டும், ஏனென்றால் புலி தாண்டுவது நேர்கோட்டில்தான். உச்சியிலிருந்து மேல் வரிசைக்கு வந்து அங்கே திரும்பிப் பக்கவாட்டில் வெட்டுவதாகப் பிள்ளைகள் சாதிப்பார்கள்.

தொடங்கும் முன் நான்கு விஷயங்களை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி? ஒரே முறையில் அடுத்தடுத்து இரண்டு ஆடு வெட்டலாமா? நாங்கள் கூடாது என்று வைத்திருக்கிறோம். வெட்ட வாய்ப்பு இருந்தால் வெட்டியே ஆக வேண்டுமா? இது சாதாரணக் கேள்வி அல்ல. கட்டாயம் என்றால் ஆட்டுக்காரர் புலியை நினைத்த இடத்துக்கு இழுக்கலாம், நான் மேலே குறைத்துச் சொன்ன பலி கொடுக்கும் உத்தி பெரிய ஆயுதமாகிவிடும், ஆட்டமே வேறாகிறது. எங்கள் கீழ்வீட்டுத் தாத்தா கட்டாயம் என்பார், அத்தை இல்லை என்பார். இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையோடு மறுத்துக்கொள்வார்கள், யாரும் விட்டுக்கொடுத்ததில்லை. நான்காவது, இரு பக்கமும் அதே நகர்வுகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் என்ன செய்வது? அத்தையின் மூலை ஆடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மகனுக்கு அழுகை வந்துவிடும். அதே நிலை மூன்றாம் முறை வந்தால் சமம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஆட்டமும் எப்போதும் இரண்டாகத்தான் ஆட வேண்டும். ஒருமுறை புலி, ஒருமுறை ஆடு. யார் அதிக ஆடு வெட்டினார்கள் என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் புலி எடுத்தவர் தோற்றால் அட்டையின் மேல் பழி, ஆடு எடுத்தவர் தோற்றால் “அது எப்போதுமே தோற்கும்” என்று பழி. புதியவர்களுக்கு நான் முதலில் ஆட்டைத்தான் கொடுக்கிறேன், வேலிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த பிறகு. ஓர் ஆடுகூடப் போகாமல் பதினைந்தும் வைத்து முடித்தவுடன் அவர்கள் முகத்தில் வரும் திருப்தி ஒன்று, அடுத்த நகர்வில் எதைத் தூக்குவது என்று தெரியாமல் விழிப்பது இன்னொன்று. இரண்டும் அதே நிமிடத்தில் நடக்கும்.

மகன் இப்போது புலியைக் கேட்பதில்லை. அவனுக்கு வேறொரு பித்துப் பிடித்திருக்கிறது. மூன்று புலிகளையும் நாமே விருப்பப்படி நிறுத்திக்கொள்ளலாம் என்றால், குறைந்தது எத்தனை ஆடுகளால் அவற்றை அடைக்க முடியும்? மூன்றையும் இடது ஓரத்தில், மேல் 1, நடு 1, கீழ் 1 என்று நிறுத்திவிட்டு, மூன்று வரிசைகளிலும் 2, 3 ஆகிய புள்ளிகளில் ஆடு வைத்தால் ஆறு ஆட்டில் முடிகிறது என்று கண்டுபிடித்தான். ஐந்தில் முடியுமா என்று அவனும் அப்பாயியும் பழைய காலண்டர் அட்டைகளை எல்லாம் கிறுக்கித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எந்தப் புள்ளிகள் என்று எழுதுங்கள்.